உப்பளத்துப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் உப்புப் பாடம்

ராமநாதபுரம் மாவட்டத்தில் உப்பளங்கள் உள்ள கடற்கரை ஊரான வாலிநோக்கத்துப் பிள்ளைக்கு உப்பு எப்படி விளைகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாத்தியில் கடல்நீர் கட்டுவதையும் அது வெயிலில் சுண்டுவதையும் உப்பை வாரிக் குவிப்பதையும் பார்த்தே வளர்கிறது. அதே பிள்ளை ஆங்கில வழி வகுப்பில் 'எவாப்பரேஷன்' (நீர் ஆவியாதல்) பாடத்தில் திணறும். மனம் ஒரே நேரத்தில் ஏந்தும் புது விஷயங்கள் நான்கைந்துதான். ஒரே வாக்கியத்தில் மூன்று புதுச் சொற்கள் வந்தால், அவற்றைப் பிடிப்பதற்கே அந்த இடம் போய்விடும்.

எனவே ஆசிரியர்களே, மொழிச்சுமையைக் குறையுங்கள், பாடத்தைக் குறைக்காதீர்கள். முதல் 10 நிமிடம் தமிழிலேயே பேசுங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. 200 மில்லியை எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தால் ஏறக்குறைய 7 கிராம் மிஞ்சும். அதன்பிறகு ஐந்து ஆங்கிலச் சொற்களை மட்டும் படத்தோடு பலகையில் எழுதுங்கள்.

புதுச் சொல்லைவிட, தெரிந்த சொல்லின் புதுப் பொருள்தான் அதிகம் இடறும். 'கான்சன்ட்ரேட் பண்ணு' என்று கேட்டே பழகிய பிள்ளைக்குக் 'கான்சன்ட்ரேஷன்' என்றால் கவனம், 'சொல்யூஷன்' என்றால் கணக்கின் விடை. இங்கே அவை செறிவும் கரைசலும். தெரிந்த சொல்தானே என்று பிள்ளை பொருள் கேட்காமலே இருந்துவிடும். ஆசிரியர்தான் முந்திக்கொள்ள வேண்டும்.

அடுத்தது வாக்கியம். 'சால்ட் இஸ் அப்டெய்ன்ட் பை த எவாப்பரேஷன் ஆஃப் சீவாட்டர்' என்பதில் யார் என்ன செய்கிறார்கள் என்பதே மறைந்துகிடக்கிறது. இப்படி உடைக்கலாம்: 'த சன் ஹீட்ஸ் சீவாட்டர். த வாட்டர் எவாப்பரேட்ஸ், பட் த சால்ட் டஸ் நாட். ஸோ த சால்ட் ஸ்டேஸ் இன் த பேன்.' 'எவாப்பரேட்' தேர்வுக்கு வேண்டும், அது இருக்கட்டும். சுருக்குகிறோம் என்று 'பட்', 'ஸோ' இரண்டையும் வெட்டுவது பெரிய தவறு. காரணத்தைத் தாங்குவதே அவைதான்.

வரிக்கு வரி மொழிபெயர்ப்பதும் வேண்டாம். அடுத்து தமிழ் வரும் என்று தெரிந்தால் பிள்ளைகள் ஆங்கிலத்தைக் கேட்கவே மாட்டார்கள்.

கனடாவில் குடியேறிய பிள்ளைகளைப் பற்றிய மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸின் ஆய்வுகளில், பேச்சு ஆங்கிலம் வர சுமார் 2 ஆண்டுகளும் பாட ஆங்கிலம் வர 5 முதல் 7 ஆண்டுகளும் ஆயின. தெருவிலும் ஆங்கிலம் கேட்கும் ஊர் அது. நம் கடற்கரையில் இன்னும் பொறுமை வேண்டும்.

அதற்காகக் கேள்வியை எளிதாக்கிவிட வேண்டாம். உப்பு படிந்தபின் மிஞ்சும் கசப்பு நீரை ஏன் வடித்துவிடுகிறார்கள் என்றே கேளுங்கள். அதிலுள்ள மக்னீசியம் உப்பைக் கசக்க வைக்கும், ஈரம் இழுக்கும் என்று முதலில் தமிழில் சொல்லட்டும். பிறகு 'வீ டிரெயின் இட் பிகாஸ்...' என்று தொடங்கிக் கொடுத்து, மீதியை எழுதச் சொல்லுங்கள்.