குழாய் காலியா இருக்கற நேரம்தான் பயப்படணும்

சென்னையில கீழ்ப்பாக்கம், செம்பரம்பாக்கம் மாதிரி சுத்திகரிப்பு நிலையத்துல ஏரித்தண்ணியில முதல்ல படிகாரம் கலக்கறாங்க, அது கண்ணுக்கே தெரியாத களிமண் துகளை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வெச்சு கனமாக்கி அடியில உக்கார வெச்சிடும், மேல தெளிஞ்ச தண்ணிய மணல் வழியா வடிகட்டி கடைசியா குளோரின் போட்டு அனுப்பறாங்க. தண்ணி கெட்டுப் போறது பெரும்பாலும் அதுக்கப்புறம், மண்ணுக்கடியில வர்ற வழியிலதான்.

நம்ம ஊர்ல நிறைய தெருவுல சில மணி நேரம் தண்ணி விட்டுட்டு நிறுத்திடுவாங்க இல்லையா, அங்கதான் விஷயமே இருக்கு. அழுத்தத்தோட தண்ணி ஓடும்போது ஜாயிண்ட்ல மயிரிழை விரிசல் இருந்தாலும் உள்ள இருக்கறதுதான் வெளிய கசியும். நிறுத்தினதும் குழாய் காலியாகி உள்ள அழுத்தம் குறைஞ்சு போகுது, பக்கத்துல டிரெய்னேஜ் கசிஞ்சு மண்ணு ஊறிக் கிடந்தா அதே விரிசல் வழியா அந்த சாக்கடைத்தண்ணி உள்ள இறங்கிடும், மறுபடி தண்ணி விட்டதும் முதல் குடத்துல வர்றது அந்தக் கலவைதான். லைன்ல நேரா மோட்டார் போட்டு உறிஞ்சறதும் இதையேதான் செய்யும், தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க, தெருவுல இருக்கற குழந்தைங்களும் அதே லைன்லதான் குடிக்குது. ஒடிசாவுல பூரி நகரத்துல 2021ல 24 மணி நேரமும் தண்ணி விட ஆரம்பிச்சு குழாய்லயே நேரா பிடிச்சுக் குடிக்கலாம்னு சொன்னாங்க, குழாய் எப்பவும் நிறைஞ்சு இருக்கணும்ங்கறது அவ்ளோ முக்கியம்.

வழியில அழுக்கு சேர்ந்தா சமாளிக்கத்தான் குளோரினை கொஞ்சம் மிச்சம் விட்டு அனுப்பறாங்க. இந்திய தர அளவுப்படி வீட்டுக் குழாய்ல லிட்டருக்கு குறைஞ்சது 0.2 மில்லிகிராம் இருக்கணும். சாக்கடை கலந்தா அதுல இருக்கற அழுக்கே அவ்வளவு குளோரினையும் தின்னுடும், கிருமிய கொல்ல மிச்சம் இருக்காது. அதனால லேசா பிளீச்சிங் வாடை வந்தா நான் நிம்மதியாத்தான் இருப்பேன். குளோரின் இருந்தா தண்ணிய ரோஸ் கலராக்கிக் காட்டற டிபிடி சோதனை மாத்திரை கடையில கிடைக்குது, ஒரு நாள் குழாய்ல பிடிச்ச தண்ணியில போட்டேன், ரோஸ் கலர் வந்துச்சு. ரெண்டு நாளா சம்ப்ல கிடந்த தண்ணியில போட்டேன், நிறமே மாறல. அதாவது சம்புக்குள்ள போனப்புறம் அந்தத் தண்ணிக்கு காவலே இல்ல.

இன்னொண்ணு, டிடிஎஸ் மீட்டர வெச்சு 'நூத்தம்பதுதான் காட்டுது, நல்ல தண்ணி'ன்னு நிறைய பேர் நம்பறாங்க. அது தண்ணியில எவ்வளவு மின்சாரம் பாயுதுன்னு பார்த்து கரைஞ்ச உப்பைத்தான் கணக்கு போடுது. டைபாய்டு கிருமி கோடிக்கணக்குல இருந்தாலும் அதே நூத்தம்பதுதான் காட்டும். கிருமிக்கு கொதிக்க வைக்கறதுதான் வழி, லேசா சூடு பண்ணினா பத்தாது, தளதளன்னு ஒரு நிமிஷமாவது கொதிக்கணும், மூடி வெச்சு ஆற விடுங்க, கைய விட்டு மொண்டு குடிக்காதீங்க.