மேசைப் பலகை ஏன் பிளக்கிறது?

தேக்கில் செய்த சிறு மேசை இரண்டு கோடைகூடத் தாங்காமல் பிளந்துவிட்டது என்று பட்டறைக்கு எடுத்து வருபவர்கள், மரம் மட்டம் என்றோ பசை சரியில்லை என்றோதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். மேசையைக் கவிழ்த்துப் பார்த்தால் காரணம் வேறாக இருக்கும். மேல்பலகையைக் கால்களை இணைக்கும் சட்டத்தோடு நான்கு பக்கமும் ஆணி அடித்தோ பசை தடவியோ இறுக்கியிருப்பார்கள்.

அறுத்து, காயவைத்து, இழைத்து, மெருகேற்றிய பிறகும் மரம் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். நீளவாட்டில் அந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. அகலவாட்டில்தான் பலகை விரியும், சுருங்கும். ஈர மாற்றத்துக்கு அதிகம் அசையாத மரம் என்று பெயரெடுத்தது தேக்கு. ஆனாலும் ஆண்டு வளையத்தை ஒட்டி அறுத்த 450 மி.மீ. அகலத் தேக்குப் பலகையில் ஈரப்பதம் 6 விழுக்காடு குறைந்தால், அகலம் ஏறத்தாழ 5 மி.மீ. குறையும். ஐப்பசி மழையில் செய்த மேசையைக் குளிர்சாதன அறையில் கொண்டுபோய்ப் போட்டால் இவ்வளவு மாற்றம் வருவது இயல்புதான். நகர வழியில்லாத பலகை, மரத்தின் நார் ஓடும் ரேகையோடு கிழிகிறது.

மரம் வாங்கும்போது வெளிறு (பட்டையை ஒட்டிய வெளிர்நிற மரம்) இல்லாத, உள்ளே முற்றிய வைரப் பகுதியாகப் பார்த்து வாங்க வேண்டும். தேக்காகவே இருந்தாலும் வெளிறு உளுத்துப் போகும். காய்ந்ததா என்று அறிய, பலகையின் முனையிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு துண்டை அறுத்து வீட்டுக்குள் வைத்து, சில நாளுக்கொருமுறை எடை பார்க்கலாம். எடை குறைந்துகொண்டே போனால் பலகை இன்னும் காயவில்லை.

கால்களையும் சட்டங்களையும் துளையிட்டு, அதில் நாக்கை (முனையில் மெல்லியதாகச் செதுக்கி நீட்டிய பகுதியை) செருகி, மூங்கில் ஆணி அடித்து எவ்வளவு வேண்டுமானாலும் இறுக்கலாம். மேல்பலகையை மட்டும் பிடித்தும் பிடிக்காமலும் வைக்க வேண்டும். அதற்குச் சட்டத்தின் உட்பக்கத்தில், மேல் விளிம்பிலிருந்து 10 மி.மீ. கீழே, உளியும் கொட்டாப்புளியும் (மரச் சுத்தியல்) கொண்டு காடி, அதாவது பள்ளம், எடுக்க வேண்டும். பெருவிரல் நீளக் கட்டைகளை அறுத்து, ஒவ்வொன்றின் முனையிலும் மேலே 9 மி.மீ. தோள் விட்டு நாக்குச் செதுக்கி, அதைக் காடியில் நுழைத்தால் கட்டைக்கும் பலகைக்கும் நடுவே 1 மி.மீ. இடைவெளி நிற்கும். கட்டையின் வழியாகப் பலகையில் திருகாணியை முடுக்க முடுக்க அந்த இடைவெளி மூடி, பலகை சட்டத்தோடு படிந்துவிடும். கட்டையின் ரேகை நாக்கின் நீளத்தோடு ஓட வேண்டும்; குறுக்கே ஓடினால் முடுக்கும்போதே நாக்கு முறியும். நீளச் சட்டங்களில் நாக்கின் நுனிக்கும் காடியின் அடிக்கும் இடையே 3 மி.மீ. விட்டால்தான் பலகை உள்ளும் வெளியும் நகரும். அரை நாள் வேலை இது, அவசரக் கூலிக்கு வேலை எடுப்பவர்கள் முதலில் விட்டுவிடுவதும் இதைத்தான்.

மெருகு பூசினால் ஈரம் ஏறாது என்பது தவறான நம்பிக்கை. மெருகு அதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். மேலே மட்டும் பூசி அடிப்பக்கத்தை வெறுமையாக விட்டால், இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் ஈரம் வாங்கிப் பலகை வளையும்.

ஏற்கெனவே பிளந்த மேசையில் கோடையில் மக்கு (பிளவை நிரப்பும் பசைக்கலவை) அடைக்க வேண்டாம். மழைக்காலத்தில் பலகை விரியும்போது அந்த மக்கே ஆப்பாக நின்று பிளவைப் பெரிதாக்கும். முதலில் ஆணிகளைப் பிடுங்கி, பலகையைக் கட்டைகளில் மாட்டி, ஒரு மழைக்காலம் விட்டுப் பார்த்த பிறகு எஞ்சிய பிளவில் அதே மரத்தின் மெல்லிய சீவலை வைத்து ஒட்டலாம்.