விளம்பரத்தை நாங்களே எழுதலாமோ, காசு குடுத்து எழுதுவிக்கிறதோ?

கிளிநொச்சியில இருந்துகொண்டு கடை யாவாரங்களுக்கு விளம்பரம் எழுதிக் குடுத்துச் சீவிக்கிறன் எண்டு சொன்னா சனம் முதல்ல கேக்கிறது "எழுதிறதுக்கும் காசோ தம்பி?" எண்டுதான். நியாயமான கேள்வி. எல்லாரும் எழுத வாசிக்கத் தெரிஞ்ச ஆக்கள், தன்ர சாமானைப் பற்றி தனக்குத் தெரியாததையோ வேற ஒருத்தன் வந்து எழுதப்போறான்? என்ர பிழைப்பில மண் விழுந்தாலும் சொல்லுறன், வன்னியில சின்னதா யாவாரம் செய்யிற கனபேருக்கு என்னை மாதிரி ஒராள் தேவையில்லை, அவையே எழுதினாக் காணும். சிலருக்குக் கட்டாயம் தேவை, ஆனா அவை நினைச்சுக்கொண்டு வாற காரணத்துக்காக இல்லை.

அவை என்ன நினைச்சு வருகினம் எண்டா, எங்களிட்ட ஏதோ வடிவான தமிழ் கிடக்கு, அதை எடுத்துச் சாமானுக்கு மேல பூசிவிடுவம், உடன யாவாரம் ஏறும் எண்டு. "தரமே எமது தாரக மந்திரம்", "நம்பிக்கையின் மறுபெயர்", "வாடிக்கையாளர் திருப்தியே எமது இலட்சியம்". வவுனியாவில இருந்து பரந்தன் மட்டும் ஏ9 ரோட்டில ரெண்டு பக்கமும் இருக்கிற போர்டுகளை வாசிச்சுக்கொண்டு வந்து பாருங்கோ, இதே வசனங்கள்தான் மாறி மாறி வரும். கடைப்பேரை விரலால மறைச்சா அது அரிசி மில்லோ டயர்க்கடையோ டியூசன் சென்டரோ எண்டு ஒருத்தராலயும் சொல்லேலாது. எந்தக் கடைக்கும் பொருந்திற வசனம் உங்கட கடைக்கு ஒரு பிரயோசனமும் இல்லை, அதை நீங்கள் எழுதினாலும் ஒண்டுதான் நான் காசு வாங்கிக்கொண்டு எழுதினாலும் ஒண்டுதான்.

வன்னியில இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. 2009க்குப் பிறகு மீள்குடியேறி வந்த சனத்திட்ட, கிணறு இறைச்சு முடியேல்ல கூரைக்குத் தகரம் வரேல்ல எண்ட நேரத்திலயே வடிவான நோட்டீஸோட வந்து நிண்டவை லீசிங்காரரும் நுண்கடன்காரரும்தான். கலர்ப்படம், சிரிச்ச முகம், தேனாட்டம் வசனம். அதை நம்பிக் கையெழுத்து வச்சுப்போட்டு பிறகு கிழமைக்குக் கிழமை படலையில வந்து நிண்டவைக்குப் பதில் சொல்லேலாமல் ஒளிச்சுத் திரிஞ்ச குடும்பங்கள் எத்தினை எண்டு இஞ்ச இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அந்தச் சனத்துக்கு இனிப்பா எழுதினீங்கள் எண்டா முதல் வரியிலயே பொக்கற்றை இறுக்கிப் பொத்திக்கொள்ளும். ஆனா விபரமா, விலையோட, உள்ளதை உள்ளபடி எழுதினா நிண்டு வாசிக்கும்.

புதுக்குடியிருப்புப் பக்கம் கறித்தூள் செய்து விக்கிற அக்கா ஒராள் லேபலுக்கு எழுதித் தரச்சொல்லி வந்தவ, கையில ஒரு கொப்பித்தாளில "பாரம்பரியச் சுவை மாறாத" எண்டு தொடங்கி அரைப்பக்கம் எழுதிக்கொண்டும் வந்திருந்தவ. நான் அதை அங்கால வச்சிட்டு தூள் எப்பிடிச் செய்யிறனீங்கள் எண்டு கேட்டன்.

"எல்லாரும் செய்யிற மாதிரித்தான் தம்பி."

"செத்தல் மிளகாயைக் காம்போடயோ வறுக்கிறனீங்கள்?"

"சீ, காம்பு கிள்ளாமல் அரைச்சா நிறைதான் கூடும், உறைப்பு வராது. நானும் மகளும் இருந்து கிள்ளுவம்."

"மில்லு உங்கட சொந்தமோ?"

"எங்களிட்ட எங்கால மில்லு, சந்தி மில்லுதான். எனக்கு முதல் ஆரும் அரிசிமா அரைச்சிருப்பினம், அது உள்ளுக்க கொஞ்சம் நிக்கும். அதால முதல் விழுற தூளைப் புறம்பா எடுத்து வீட்டுச் சமையலுக்கு வச்சிடுவன். அதை விக்கிறேல்ல."

அவ்வளவுதான், லேபல் எழுதி முடிஞ்சுது. "காம்பு கிள்ளின செத்தல். மில்லில முதல் விழுற தூளை நாங்கள் விக்கிறதில்லை." அக்காவுக்குச் சிரிப்பு, இதைப் போய் எழுதிறதோ, இது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்தானே எண்டு. தூள் இடிக்கிற ஆக்களுக்குத் தெரியும் அக்கா, கொழும்பு வெள்ளவத்தையில பைக்கற் வாங்கிற பிள்ளைக்கு எங்க தெரியும். அந்தப் பிள்ளைக்குக் கடைத்தூளில என்ன கலந்திருக்கோ எண்ட பயம் ஏற்கனவே இருக்கு, அந்தப் பயத்துக்கு உங்கட வசனம் நேராப் பதில் சொல்லுது.

இது நான் கண்டுபிடிச்ச வித்தை இல்லை. நூறு வருசத்துக்கும் மேல முதல் அமெரிக்காவில குளோட் ஹொப்கின்ஸ் எண்ட விளம்பரக்காரர் ஷ்லிட்ஸ் எண்ட பியர் கொம்பனிக்கு எழுதப் போனவர். அந்த நேரம் எல்லாப் பியர்க்காரரும் "சுத்தமானது" எண்ட ஒரு சொல்லைத்தான் எழுத்தைப் பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவை. இவர் தொழிற்சாலையைச் சுத்திப் பார்த்தார், போத்தலை நீராவியில கழுவுறது, வடிகட்டின காத்து இருக்கிற கண்ணாடி அறைக்குள்ள பியரைக் குளிராக்கிறது எல்லாத்தையும் பார்த்திட்டு இதை ஏன் நீங்கள் சனத்துக்குச் சொல்லேல்ல எண்டு கேட்டா, எல்லாரும் இப்பிடித்தானே செய்யினம் எண்டு அவை சொல்லிச்சினம். செய்யிறது எல்லாரும், சொன்னது ஒருத்தரும் இல்லை. அவர் அதை அப்பிடியே எழுதினார், பின்னுக்கு நிண்ட கொம்பனி முன்னுக்கு வந்தது. பியரும் கறித்தூளும் எனக்கு ஒண்டுதான், எப்பிடிச் செய்யிறனீங்கள் எண்ட கேள்வியும் ஒண்டுதான்.

அப்ப விக்கிற வசனம் இருந்தது ஆரிட்ட? அக்காவின்ர வாயில. நான் செய்தது கேட்டது, கேட்டதில எதை எடுக்கிறது எதை வெட்டுறது எண்டு பார்த்தது. இந்த வேலையை உங்கட வீட்டிலயே செய்யலாம். சாமானைப் பற்றி ஒண்டும் தெரியாத ஒராளை, சொந்தக்காரப் பிள்ளை ஒண்டு கொழும்பில இருந்து வந்து நிண்டா இன்னும் நல்லம், முன்னால இருத்தி கேள்வி கேக்கச்சொல்லுங்கோ. போனில ரெக்கோட் பண்ணுங்கோ. ஏன் இந்த விலை, பக்கத்துக் கடையில 50 ரூவா குறைவாக் கிடக்கே, வாங்கினா எத்தினை நாள் வச்சிருக்கலாம், பழுதாப்போனா மாத்தித் தருவீங்களோ. பிறகு போட்டுக் கேளுங்கோ, நீங்கள் கொஞ்சம் கோவமா, கொஞ்சம் பெருமையாக் கதைச்ச இடம் ஒண்டு இருக்கும், அதை அப்பிடியே பேச்சுத்தமிழிலயே எழுதுங்கோ. பேப்பரைக் கண்டவுடன மேடைத்தமிழுக்கு மாறுறதுதான் கனபேருக்கு வாற வருத்தம்.

உங்களைத் தெரிஞ்ச ஆக்களுக்கு விக்கிறீங்கள் எண்டா இது தாராளம். "இந்தமுறை பூநகரி மொட்டைக்கறுப்பன் அரிசி, புழுங்கல், கல்லு புடைச்சது, வெள்ளிக்கிழமை மல்லாவிச் சந்திக்கு வரும், வேணுமெண்ட ஆக்கள் வியாழன் பின்னேரத்துக்குள்ள சொல்லுங்கோ" எண்டு வட்ஸ்அப் குறூப்பில போட்டு, கிலோ விலையையும் சேர்த்துப் போட்டுவிட்டா அதுக்கு மேல நான் எழுத ஒண்டுமில்லை. விலையை மட்டும் ஒளிக்காதேங்கோ. "விலைக்கு இன்பொக்ஸ் வரவும்" எண்டு போடுறதைக் கண்டா எனக்குக் கெட்ட கோவம் வாறது, கேக்க வெக்கப்படுற சனம் இஞ்ச கனக்க, அது கேக்காது, அப்பிடியே தட்டிக்கொண்டு போயிடும். நேரத்தையும் பாருங்கோ. காலபோக நெல்லு வெட்டி வித்து, மாசி பங்குனியில கையில காசு புழங்கேக்க தகரம், மோட்டர், தளபாடம் பற்றிச் சொன்னா எடுபடும், அதே வசனத்தை விதைச்சு உரத்துக்குக் கடன்பட்டு நிக்கிற கார்த்திகையில போட்டா ஆர் திரும்பிப் பாப்பினம்.

காசு குடுத்து எழுதுவிக்க வேண்டிய இடம் எது எண்டா, உங்களைத் தெரியாத ஆளிட்ட உங்கட வசனம் தனியப் போற இடம். லேபல், பெட்டி, காசு கட்டி பூஸ்ட் பண்ணுற ஃபேஸ்புக் விளம்பரம், மொத்தமா அனுப்பிற எஸ்எம்எஸ். அங்க ஒரு வசனம் பிழைச்சா அச்சடிச்சது முழுக்கக் குப்பை, இல்லாட்டி பூஸ்டுக்குக் கட்டின காசு போச்சு. எஸ்எம்எஸ்ஸில ஒரு கணக்கு இருக்கு, கனபேருக்குத் தெரியாது. இங்கிலிசில ஒரு மெசேஜுக்கு 160 எழுத்துப் பிடிக்கும், தமிழில 70தான், அதைத் தாண்டி நீண்டுதெண்டா துண்டுக்கு 67ஆக உடைச்சு ஒவ்வொரு துண்டையும் ஒரு மெசேஜாக் கணக்குப்போடும். அந்த 70லயும் விசிறியும் கொம்பும் புள்ளியும் தனித்தனியா எண்ணுப்படும், மிளகாய்த்தூள் எண்டது எங்களுக்கு 7 எழுத்து, போனுக்கு 13. "எமது வாடிக்கையாளர்களுக்கு ஓர் மகிழ்ச்சியான செய்தி" எண்டு தொடங்கினா சாமானின்ர பேர் வர முதலே காசு கரைஞ்சிடும். ஆயிரக்கணக்கில அனுப்புறவைக்கு ரெண்டு துண்டை ஒண்டாச் சுருக்கிக் குடுத்தாலே எழுதினவரின்ர கூலி வந்திடும்.

வெளிநாட்டுச் சனத்துக்கு எழுதிறதும் வேற விளையாட்டு. டொரோண்டோவில இருந்து காசு கட்டுறவர் அரிசியைச் சாப்பிடப்போறதில்லை, துணுக்காயில தனிய இருக்கிற அம்மாவுக்குத்தான் போகுது. அவருக்கு அரிசின்ர ருசி ரெண்டாம் பட்சம், மூட்டையை ஆர் வீட்டுக்குள்ள தூக்கி வைப்பினம், குடுத்தாப்பிறகு அம்மாவோட ஒரு போட்டோ அனுப்புவீங்களோ எண்டதுதான் அவரின்ர யோசனை. இதைக் கடைக்காரர் தானா யோசிக்கிறது குறைவு, ஏனெண்டா அவருக்குக் கண்ணுக்கு முன்னால தெரியிறது அரிசி. இப்பிடியான இடத்தில வெளியால இருந்து ஒராள் பாக்கிறது நல்லம். போஸ்ட் போடுற நேரமும் மாறும், எங்களுக்குக் காலம்பிற 7 மணி எண்டா அங்க கோடைகாலத்தில முதல்நாள் இரவு 9.30.

வாயில வந்ததை எழுதிச் சட்டத்தில மாட்டுறவையும் இருக்கினம். சிவப்பரிசி சீனி வருத்தத்தை மாத்தும், காட்டுத்தேன் கான்சரை மாத்தும் எண்டு லேபலில அடிக்கச்சொல்லி என்னட்டக் கேக்கிறவை, மாட்டன் எண்டா முகத்தைச் சுழிக்கிறவை. 1980ஆம் ஆண்டு 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டமும் கிடக்கு, சனத்தைப் பிழையா நம்பப்பண்ணுற மாதிரி விளம்பரம் செய்தா அது குற்றம், பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து கேட்டா "டிசைனர்தான் போட்டவர்" எண்டு சொல்லித் தப்பேலாது. இதைச் சொல்லி உங்களை மறிக்காத எழுத்தாளருக்குக் காசு குடுக்காதேங்கோ.

இப்ப எல்லாரும் கேக்கிற கேள்வி, போனில ஏஐயிட்டச் சொன்னா ஒரு நிமிசத்தில எழுதித் தருதே எண்டு. தரும். பிழை திருத்த, நீளமானதைச் சுருக்க நானும் பாவிக்கிறன். ஆனா மில்லில முதல் விழுற தூளின்ர கதையை நீங்கள் சொல்லாமல் அதுக்கு எங்கால தெரியும், நீங்கள் ஒண்டும் சொல்லாட்டி அதுவும் தாரக மந்திரத்தைத்தான் தூக்கித் தரும்.

ஆளைப் பிடிக்கிறதெண்டா, அவர் முதல் எழுதினதைப் பாக்கிறதை விட உங்களிட்ட என்ன கேக்கிறார் எண்டதைப் பாருங்கோ. கடைப்பேரையும் போன் நம்பரையும் மட்டும் வாங்கிக்கொண்டு "நாளைக்கு அனுப்புறன்" எண்டவரை விட்டிடுங்கோ. வந்து பாக்கிறவர், ஒருக்கா வாங்கித் திரும்பி வராத ஆளின்ர நம்பர் தாங்கோ எண்டு கேக்கிறவர், அவரைப் பிடியுங்கோ. வேலைக்கு முதலே எத்தினைதரம் மாத்தித் தருவார், பாதிக்காசு எப்ப, எழுதினதை நீங்கள் லேபல் போர்டு எல்லாத்திலயும் பாவிக்கலாமோ எண்டதை வட்ஸ்அப்பிலயாவது எழுத்தில வச்சுக்கொள்ளுங்கோ, பிறகு முறுகுப்படத் தேவையில்லை. லேபலில சிங்களமும் வருகுதெண்டா அதைத் தமிழ் எழுதினவரிட்டயே தள்ளிவிடாமல், சிங்களம் வீட்டில கதைக்கிற ஒராளிட்ட, அச்சுக்குப் போக முதல், சத்தமா ஒருக்கா வாசிப்பிச்சுக் கேளுங்கோ.