கருப்பாகத் தெரியும் என்று காத்திருக்காதீர்கள்

இந்த மாதமும் ஒருவர். கடலூர்–புதுச்சேரி சாலையில் வேன் ஓட்டுபவர், வயது ஐம்பதுக்கு மேல். வந்தது வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி வாங்க. சார்ட்டில் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்துவிட்டார். பார்வை நரம்பைப் பார்த்தால் இரண்டு கண்ணிலும் கிளாக்கோமா (பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு மெல்லக் கெடும் நோய்) முற்றியிருக்கிறது. பேச்சுவாக்கில் சொன்னார்: "இப்பல்லாம் ரெட்டிச்சாவடி கிட்ட பைக்குங்க திடீர்னு முளைக்குது சார்."

பைக் முளைக்கவில்லை. அது வந்த பக்கம் அவருக்குப் பார்வையே இல்லை; மூளை அங்கே வெறும் சாலையைப் போட்டு நிரப்பியிருக்கிறது.

"பார்வை போயிருந்தா கருப்பா தெரியுமே?" எல்லோரும் கேட்பது இதைத்தான், படித்தவர்கள் உட்பட. தெரியாது. நம்பிக்கை இல்லையென்றால் இப்போதே செய்து பாருங்கள். கைகளை நீட்டி இரண்டு கட்டைவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் இடது விரலை மட்டும் பாருங்கள். பார்வை அசையாமல் வலது விரலை மெல்ல வலப்பக்கம் நகர்த்துங்கள். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் நகம் காணாமல் போகும். பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடம் அது. பிரான்சில் மரியாட் என்ற விஞ்ஞானி 1660களிலேயே கண்டுபிடித்த விஷயம். சரி, நகம் போன இடத்தில் கருப்பு ஓட்டை தெரிந்ததா? பின்னால் இருக்கும் சுவர்தானே தெரிந்தது? பிறந்ததிலிருந்து இருக்கும் ஓட்டையையே காட்டாத மூளை, வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல விழும் ஓட்டையையா காட்டப் போகிறது? போதாததற்கு ஒரு கண் விட்டதை மறு கண் ஈடுகட்டிவிடும். வயதான மூளையும் இப்படி வளைந்து கொடுப்பது, புதுக் கண்ணாடிக்குப் பழக நல்லது. இந்த நோயில் அதுவே வினை.

போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்து மிச்சத்தைக் காக்கத்தான். "போட்டும் பார்வை கூடலையே" என்று பாதியில் நிறுத்திவிட்டு வருபவர்களிடம் எனக்குக் கோபம்தான் வருகிறது. கண் சிவந்ததும் மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்கி மாதக்கணக்கில் விடுபவர்களிடம் இன்னும் அதிகம். கண் அழுத்தத்தை ஏற்றிவிடுவதே அந்த மருந்துதான்.

நாற்பது தாண்டிவிட்டதா? அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது கிளாக்கோமா உண்டா? தயவுசெய்து வந்து காட்டுங்கள். கண்ணாடிக் கடை கம்ப்யூட்டர் டெஸ்ட் இதற்குப் போதாது. கண் அழுத்தம், சாதாரணம் என்று சொல்லும் 21-க்குள் (மி.மீ. பாதரசம்) இருந்தாலும் நரம்பு கெட்டிருக்கலாம், அதனால் நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். கண்மணி விரிய மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கலாகத்தான் இருக்கும். பைக்கை ஓட்டிக்கொண்டு தனியாக வராதீர்கள்.