‘ரத்தம் மெலிய’ ஒரு மாத்திரை

பெயிண்ட் கெட்டியாகிவிட்டால் அதில் தின்னர் ஊற்றிக் கலக்குவார்கள். கொழகொழவென்று கிடந்தது நீர்த்துப்போய்த் தூரிகைக்கு இணங்கும். ‘பிளட் தின்னர்’ என்ற பெயரைக் கேட்டதும் பலருக்கும் மனதில் வருவது ஏறக்குறைய இதே படம்தான்: ரத்தம் கெட்டியாகிவிட்டது, மாத்திரை போட்டால் தண்ணீர் மாதிரி ஓடும். நாமும் அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி ‘ரத்தம் மெலிக்கும் மருந்து’, ‘ரத்தத்தை நீர்க்க வைக்கும் மருந்து’ என்று எழுதத் தொடங்கினோம். சொல்லோடு படமும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அந்தப் படம் தவறு. வார்ஃபரின் ஆகட்டும், அபிக்ஸபான் ஆகட்டும், ரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை. மாத்திரை போடுவதற்கு முன் எந்தக் கெட்டியில் ஓடியதோ, போட்ட பிறகும் அதே கெட்டியில்தான் ஓடுகிறது. மாறுவது ஒன்றுதான்: உறைவதற்கு அது எடுத்துக்கொள்ளும் நேரம். ரத்தம் உண்மையிலேயே கெட்டிப்படும் நோய் தனியாக இருக்கிறது. சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும்போது அப்படி ஆகும். அதற்கு மருத்துவர்கள் ரத்தத்தையே கொஞ்சம் வெளியே எடுத்துவிடுவார்கள். அது வேறு கதை.

தமிழில் ‘மெலிதல்’ என்ற சொல் இன்னொரு சிக்கலையும் கொண்டுவருகிறது. மெலிந்தவன் என்றால் நமக்கு நோஞ்சான். ஆகவே ரத்தம் மெலிகிறது என்றால் சத்துக் குறைகிறது, சோகை வருகிறது என்று காதில் விழுகிறது. “இந்த மாத்திரையால் உடம்பு பலவீனமாகிவிடாதா, குளிர் தாங்குமா?” என்ற கேள்விகள் அங்கிருந்துதான் வருகின்றன. பாதி பயம் மருந்தால் வந்ததல்ல, பெயரால் வந்தது.

மருத்துவர்கள் ஏட்டில் எழுதும் சொல் ஆன்டிகோயாகுலன்ட். ‘ஆன்டி’ கிரேக்க முன்னொட்டு, எதிர் என்று பொருள். மிச்சம் லத்தீன். ‘கோயாகுலும்’ என்றால் பாலைத் திரட்டப் போடும் பொருள், அதாவது உறை. ‘கோ’ என்பது ஒன்றாக, ‘அகெரே’ என்பது ஓட்டுதல்; ஒன்றாக ஓட்டிச் சேர்ப்பது. இங்கேதான் எனக்குச் சந்தோஷம். பாலைத் தயிராக்க ஊற்றும் மோரை நாம் சொல்வதும் உறை என்றுதான். பால் உறைகிறது, ரத்தமும் உறைகிறது. ரோமானியர்களும் நாமும் கலந்து பேசாமலே ஒரே உவமைக்கு வந்திருக்கிறோம்.

உவமை வெறும் அழகுக்கு இல்லை, பாடமே அதில் இருக்கிறது. பாலில் தண்ணீர் கலந்தாலும் உறை ஊற்றினால் உறையத்தான் செய்யும். நீர்த்திருப்பது வேறு, உறையாமல் இருப்பது வேறு. நிறையத் தண்ணீர் குடித்தால் ரத்தம் மெலிந்துவிடும், மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு இதைவிட எளிய பதில் எனக்குத் தெரியவில்லை. ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கரைந்து ஓடிக்கொண்டிருக்கிறது. திராம்பின் என்ற நொதி அதைத் தொட்டால் ஃபைப்ரின் இழைகளாகி வலை பின்னிக்கொள்கிறது. அணுக்கள் அதில் சிக்குகின்றன. மருந்து அந்த வலை பின்னப்படுவதைத்தான் தாமதிக்கிறது.

சரி, இதயத்துடிப்பு தாறுமாறாகிறவருக்கு இது எதற்கு? ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற நோயில் இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் சும்மா துடிதுடிக்கின்றன. ஃபிப்ரிலா என்றால் சிறு நார். ஒவ்வொரு நாரும் தன் போக்கில் துடிப்பதால் அந்தப் பெயர். தமிழில் ‘மேலறை நடுக்கம்’ எனலாம். இலங்கைத் தமிழில் மேலறைக்குச் ‘சோணையறை’ என்று பெயர். சோணை என்றால் காது மடல். ஆரிக்கிள் என்ற லத்தீன் வழிச் சொல்லுக்கும் சிறிய காது என்றே பொருள். இடது மேலறையின் ஓரத்தில் நிஜமாகவே ஒரு காது மடல் போன்ற பை இருக்கிறது. அறை நடுங்கும்போது அந்தப் பைக்குள் ரத்தம் தேங்கும்; தேங்கியது உறையும்; உறைந்த துண்டு கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோயுள்ளவருக்குப் பக்கவாத அபாயம் மற்றவரைவிடச் சராசரியாக 5 மடங்கு. வார்ஃபரினை ஒழுங்காக எடுத்துக்கொண்டால் அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது.

கவனிக்க வேண்டியது, இந்த மருந்து துடிப்பைத் தொடுவதே இல்லை. துடிப்பைச் சீராக்கும் மருந்துகள் வேறு. ஆனால் “இப்போ துடிப்பு நார்மல்தானே, எதுக்கு அந்த மாத்திரை?” என்று நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். யாருக்கு இது தேவை என்பதை வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயச் செயலிழப்பு, முன்பு வந்த பக்கவாதம் ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். இன்று காலை நாடி எப்படி ஓடியது என்பதை வைத்து அல்ல. மின்னதிர்வு கொடுத்துத் துடிப்பைத் திருப்பினாலும், பொதுவாக அதற்கு முன் 3 வாரம், பின் குறைந்தது 4 வாரம் மருந்து தொடர வேண்டும். துடிப்பு திரும்பிய பிறகும் மேலறை உடனே பழைய வலுவுக்கு வந்துவிடுவதில்லை.

இன்னொரு குழப்பம் நம் மொழிக்கே உரியது. அடிபட்ட இடம் கன்றிப் போனால் ‘ரத்தம் கட்டிக்கொண்டது’ என்கிறோம். நாளங்களுக்குள் உறைவதையும் ‘ரத்தக் கட்டி’ என்று எழுதுகிறோம். மாத்திரை போடுகிறவருக்கு லேசாக இடித்துக்கொண்டாலே கையில் நீலம் பாய்ந்துவிடும். அவர் என்ன நினைப்பார்? “ரத்தம் கட்டக் கூடாதென்றுதானே மாத்திரை, அப்படியும் கட்டுதே, போதவில்லை போல!” உண்மை நேர் எதிர். தோலுக்கடியில் கசிந்த ரத்தம் சட்டென்று உறையாததால்தான் அந்தக் கன்றல். மருந்து வேலை செய்வதன் பக்க விளைவு அது. காரணமில்லாமல் பெரிதாகக் கன்றினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தானாக இன்னொரு மாத்திரை சேர்த்துக்கொண்டால் ஆபத்து. இதனாலேயே நான் ‘ரத்தக் கட்டி’ என்று எழுதுவதை விட்டு ‘ரத்த உறைவு’ என்றே எழுதுகிறேன். கட்டி என்றால் கொப்புளம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள்.

‘கட்டியைக் கரைக்கும் மாத்திரை’ என்பதும் சரியில்லை. இது கரைப்பதில்லை; புதிதாக உறைவதையும் இருப்பது வளர்வதையும் தடுக்கிறது. கரைக்கும் வேலையை உடம்பே மெதுவாகச் செய்துகொள்கிறது.

வார்ஃபரின் என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. 1920களில் வட அமெரிக்காவில் பூசணம் பிடித்த இனிப்பு குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் குழுவினர் அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியில் உருவான ஒரு சேர்மத்துக்கு, ஆய்வுக்குப் பணம் கொடுத்த விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆய்வு அறக்கட்டளையின் ஆங்கில முதலெழுத்துகளான ‘வார்ஃப்’ என்பதோடு, கூமரின் என்ற வேதிப்பொருளின் வாலை ஒட்டிப் பெயர் வைத்தார்கள். 1948இல் அது எலி மருந்தாக வந்தது; 1954இல் மனிதருக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டு மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கும் அதைக் கொடுத்தார்கள். எலி மருந்து என்று கேட்டு மிரள வேண்டாம், அளவுதான் வித்தியாசம்.

அந்த அளவைப் பார்க்கத்தான் ஐ.என்.ஆர். பரிசோதனை. அது கெட்டியை அளக்கும் கருவி அல்ல. சோதனைக் குழாயில் உறைய எடுக்கும் நேரத்தைச் சாதாரண நேரத்தோடு ஒப்பிடும் விகிதம். மேலறை நடுக்கத்துக்குப் பொதுவாக 2 முதல் 3 வரை இருக்க வேண்டும் என்பார்கள். உறைவதற்கு வேண்டிய வைட்டமின் கேயின் வேலையைத் தடுத்துத்தான் வார்ஃபரின் வேலை செய்கிறது. அந்த ‘கே’யும் முன்பு பார்த்த கோயாகுலும் குடும்பம்தான்: ஜெர்மன், டேனிஷ் மொழிகளில் கோயாகுலேஷன் ‘கே’யில் தொடங்கும், அதிலிருந்து எடுத்தது. கீரையில் அது நிறைய உண்டு. அதற்காகக் கீரையையே ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் கட்டுக்கட்டாகத் தின்றுவிட்டு அடுத்த வாரம் தொடாமல் இருப்பதுதான் ஐ.என்.ஆர். எண்ணைக் குலைக்கும்.

2008 முதல் வரத் தொடங்கிய ரிவரோக்ஸபான், அபிக்ஸபான் போன்றவற்றின் ஆங்கிலப் பெயரில் ரோமன் எண் 10 (X) ஒளிந்திருக்கிறது. ரத்தம் உறைய உதவும் புரதங்களில் பத்தாம் காரணி எனப்படுவதைத் தடுப்பவை அவை. ஐ.என்.ஆர். வேண்டாம் என்பது வசதிதான். ஆனால் வார்ஃபரினின் பலன் நாள் கணக்கில் ஏறி நாள் கணக்கில் இறங்கும், இவற்றின் பலன் மணிக்கணக்கில். ஓரிரு வேளை விட்டாலே காவல் போய்விடும். அதற்காக மறந்ததையும் சேர்த்து அடுத்த வேளை இரண்டாகப் போடவும் கூடாது. உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு இவை ஆகாது, அவர்களுக்கு இன்றும் வார்ஃபரின் வகைதான்.

அப்புறம் ஆஸ்பிரின். அதையும் பிளட் தின்னர் என்கிறார்கள். அது தடுப்பது தட்டணுக்கள் (பிளேட்லெட்டுகள்) ஒட்டிக்கொள்வதை. இழை வலையை அல்ல. மேலறை நடுக்கத்தில் பக்கவாதத்தைத் தடுக்க அது இவற்றுக்கு ஈடாகாது. ஒரே பெயருக்குள் இரண்டையும் அடைத்ததால், ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்று நினைக்க இடமாகிவிட்டது.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘குருதி உறைவெதிர்ப்பி’ கச்சிதமானது, கலைச்சொல் பட்டியலுக்குப் பொருந்தும். நோயாளியிடம் பேச ‘உறைவுத் தடுப்பு மருந்து’ போதும் என்பது என் கட்சி. கேட்டவுடன் வேலை புரிகிறது, மெலிவும் கரைப்பும் உள்ளே நுழைய வழியில்லை. ஆஸ்பிரின் வகையைத் ‘தட்டணுத் தடுப்பு மருந்து’ என்று பிரித்துச் சொல்லலாம்.

பல் பிடுங்கப் போகும்போது “பிளட் தின்னர் சாப்பிடுகிறேன்” என்றே சொல்லுங்கள், தவறில்லை. அந்தச் சொல் அங்கே உடனே புரியும். அடுத்துப் பல் மருத்துவர் “எது?” என்று கேட்பார். மாத்திரையின் பெயர், அளவு, கடைசியாகப் போட்ட நேரம், இந்த மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.