காரை பெயர்ந்தால் பூசி மூடாதீர்கள்

போன வாரம் இன்னொரு ஊராட்சி ஒன்றியப் பள்ளி. மூன்றாம் வகுப்பில் கூரைத் தளத்திலிருந்து காரை பெயர்ந்து விழுந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பிள்ளைகள் தப்பித்தார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் பூசி, வெள்ளையும் அடித்துவிட்டார்கள். "இப்ப புதுசு மாதிரி ஆயிடுச்சு சார்" என்றார் தலைமையாசிரியர்.

ஏணியில் ஏறிச் சுத்தியலால் தட்டினேன். நல்ல கான்கிரீட் கிண்ணென்று கேட்கும். இது டொப்பென்றது. பூச்சை உடைத்து, துருவைச் சுரண்டிக் கம்பியை அளந்தேன். 8 மில்லி கம்பியில் 5 மில்லிதான் மிச்சம். அதாவது, பலம் பாதிகூட இல்லை.

எத்தனை முறைதான் சொல்வது? தளத்தை விழாமல் பிடித்திருப்பது பூச்சு அல்ல, உள்ளே இருக்கும் கம்பி. துருப்பிடித்த கம்பி ஊதி, கான்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளுகிறது. அதன்மேல் பூசினால் பாரம்தான் கூடும். புதுப்பூச்சு துருவில் ஒட்டாது, ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. இதைவிட மோசம், வெடிப்பு கண்ணிலிருந்து மறைந்துவிடும். சரியாகிவிட்டது என்று நம்பி அதே இடத்தில் பிள்ளைகளை உட்கார வைப்போம்.

பழசு என்றாலே இடி என்று சொல்லவில்லை. தேக்கு உத்தரம் செல்லரிக்காமல் இருந்தால், மர உத்தரத்தின்மேல் செங்கல் அடுக்கிக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையைக்கூட நான் இடிக்கச் சொல்வதில்லை. எனக்குப் பயம், கம்பிக்கு அடியில் ஒரு விரற்கடை கான்கிரீட்கூட இல்லாமல் போட்ட தளங்கள்தான். ஒரு மூலையில் மட்டும் துரு என்றால் பழுதுபார்க்கலாம். பாதித் தளம் இப்படியென்றால் இடித்துக் கட்டுங்கள். 2022இல் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கு 5 ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய் என்று அரசே அறிவித்தது. கேட்டால்தானே நம் ஊருக்கு வரும்?

அதுவரை அந்த அறையைப் பூட்டுங்கள். சாமான் அறையாகவும் வேண்டாம், சத்துணவுக்கும் வேண்டாம். மாடியில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுங்கள். அப்புறம் கழிப்பறை, சுற்றுச்சுவர். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் மூன்று மாணவர்களைக் கொன்றது கழிப்பறைச் சுவர்தான். வகுப்பறையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் பொறியாளரை விடாதீர்கள், பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் அக்டோபர் 2 கிராம சபை வருகிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களே, மனுவோடு போட்டோவும் கொடுங்கள். தயவுசெய்து, பூசுவதற்கு முன்னால் எடுத்த போட்டோ.