கல்லை அரைப்பதில்லை, நொறுக்குகிறோம்

கல் குவாரித் தொழிலாளர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றின் தமிழாக்கத்தை அண்மையில் சரிபார்க்க நேர்ந்தது. கிரஷர் வரும் இடமெல்லாம் ‘கல் அரவை இயந்திரம்’ என்றும், பாறை படிப்படியாகச் சிறுக்கும் மூன்று கட்டங்களும் ‘முதன்மை அரவை, இரண்டாம் தர அரவை, மூன்றாம் தர அரவை’ என்றும் அதில் எழுதப்பட்டிருந்தன. செய்திகளிலும் ‘கல் அரவை ஆலை’ ஓயாமல் வருகிறது. அரவையும் பிழை, முதன்மையும் பிழை, தரமும் பிழை.

‘கிரஷ்’ என்னும் சொல், பல்லை நறநறவெனக் கடிப்பதைக் குறித்த பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. அமெரிக்கரான எலி விட்னி பிளேக் 1858இல் காப்புரிமை பெற்ற கல் நொறுக்கும் எந்திர வகைக்குத் தாடையின் பெயர் அமைந்தது இதற்குப் பொருத்தமே. தமிழில் நேரான வினை ‘நொறுக்கு’. பொடியாக்குதலைக் குறித்த ‘நூறு’ என்னும் பழைய வினையும் உண்டு. இன்று அது எண்ணாகவே காதில் விழும் என்பதால் அதை மீட்டெடுக்க வழியில்லை.

அரவை எப்படிக் கல்லுக்கு வந்தது என்று ஊகிப்பது கடினமன்று. சர்க்கரை ஆலையில் கரும்பு பிழிவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். அதை நாம் ‘கரும்பு அரவை’ என்கிறோம். அந்தச் சொல்லையே மொழிபெயர்ப்பாளர் கல்லுக்கும் எடுத்து வைத்துவிட்டார். அரைத்தல் என்பது அம்மியும் ஆட்டுக்கல்லும் செய்வது. பொருள் இரண்டு பரப்புகளுக்கிடையே தேய்ந்து மாவாவது. தாடை எந்திரத்தின் மேடையில் நின்று ஒருமுறை குனிந்து பார்த்தால் வேறுபாடு விளங்கிவிடும். டிப்பர் கொட்டிய பாறாங்கல் அசையாத தகட்டுக்கும் அசையும் தகட்டுக்கும் நடுவே விழுந்து, ஒருமுறை மேலே துள்ளி, அடுத்த நெரிப்பில் பிளக்கிறது. பிளந்த துண்டுகள் கீழே நழுவிக் குறுகலான இடத்தில் மீண்டும் பிளக்கின்றன. கல் தகட்டோடு உரசத் தொடங்கினால் மாங்கனீசு எஃகுத் தகடு விரைவில் தேய்ந்துபோகும், தூசியும் மிகும். அதாவது, கல் அரைபடுவது அந்த எந்திரத்தில் பழுது. பழுதைக் குறிக்க வேண்டிய சொல்லைத் தொழிலுக்கே பெயராக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொரு கேடும் உண்டு. அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலைகளில் சுண்ணாம்புக்கல்லை முதலில் நொறுக்குகிறார்கள், பிறகு மாவாக அரைக்கிறார்கள். முதல் வேலைக்கே அரவை என்று பெயர் கொடுத்துவிட்டால் அடுத்த வேலையை எப்படிச் சொல்வது? உளுந்தை உடைப்பதும் அரைப்பதும் வேறு என்பதில் எந்தச் சமையலறையிலும் குழப்பமில்லை, எழுதுகிறவர்களுக்குத்தான் குழப்பம்.

‘முதன்மை’ என்றால் தலைமையானது. முதன்மைச் செயலர், முதன்மைக் கல்வி அலுவலர் என்று சரியாகவே வழங்குகிறோம். இங்கே வேண்டுவது தலைமையன்று, வரிசை. ‘பிரைமரி’ என்னும் இதே ஆங்கில அடைமொழி பள்ளிக்கு வந்தபோது ‘தொடக்கப் பள்ளி’ என்று தெளிவாகப் பெயரிட்டோம். உழவர் முதல் உழவு, இரண்டாம் உழவு என்கிறார். முதன்மை உழவு என்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை. ‘இரண்டாம் தரம்’ இதைவிடக் கொடியது. படிப்பவர் அதை மட்டமான ஜல்லி என்றே எடுத்துக்கொள்வார். உண்மையில் நல்ல ஜல்லி கிடைப்பதே பிற்கட்டங்களில்தான்.

ஆகவே முதல் நொறுக்கு, இரண்டாம் நொறுக்கு, மூன்றாம் நொறுக்கு என்பனவே போதும். முதல் நொறுக்கில் பாறாங்கல் ஏறக்குறைய ஒரு சாண் அளவுக்கு இறங்குகிறது. இரண்டாம் நொறுக்கில், பெரும்பாலும் கூம்பு எந்திரத்தில், அது மேலும் சிறுக்கிறது. கட்டடக்காரர் ‘முக்கால் ஜல்லி’ என்று கேட்டு வாங்கும் 20 மி.மீ. கல்லுக்கு நல்ல வடிவம் தருவதும், எம்-சாண்ட் ஆக்குவதும் மூன்றாம் நொறுக்கு.

‘உடைப்பு’ ஏன் கூடாது என்று கேட்கலாம். குவாரிக் குழியில் வெடி வைத்துப் பெயர்ப்பதற்கும், பெயர்ந்த பெருங்கல்லைப் பிரேக்கர் கொண்டு பிளப்பதற்கும் அந்தச் சொல் தேவைப்படுகிறது. சம்மட்டியால் கல் உடைத்த காலத்திலிருந்து அது குழிக்கு உரியது. எந்திரத்தின் பெயரும் வினையை ஒட்டியே தாடை நொறுக்கி, கூம்பு நொறுக்கி என்று நிற்கட்டும். களத்தில் ‘ஜா’, ‘கோன்’ என்று பேசுகிறவர்களுக்கும் அவை கேட்ட மாத்திரத்தில் புரியும்.